மெழுகு லினன் நூல்ல கடற்கரைப் பொருள் வச்சு நகை செய்யறவங்க இருக்கீங்களா? ஓட்டை போடாம கட்டுறது பத்தி பேசலாம்

கிளிஞ்சல்மேடு | சென்னை
வணக்கம். கோவளம் பக்கம் காலையில நடக்கப் போறப்போ கரையில ஒதுங்கிக் கிடக்கிறத பொறுக்கிட்டு வந்து கழுத்துமாலை, கைக்கயிறு, கால்கயிறுன்னு செஞ்சு தெரிஞ்சவங்களுக்கு குடுத்துட்டு இருந்தேன், இப்போ சில பேர் காசு குடுத்தே கேக்குறாங்க, அதனால நாலு பேர்கிட்ட கேட்டு ஒழுங்கா செய்யலாம்னு இந்த பேச்சை ஆரம்பிக்கிறேன். என்கிட்ட இருக்கிறது பெரும்பாலும் கடல் தேய்ச்ச கண்ணாடி (பிரவுன், பச்சை, வெள்ளை நிறைய, நீலம் எப்பவாவது ஒண்ணு), மட்டி ஓடு, பட்டன் சிப்பி, கழச்சிக்காய், சின்னச் சின்ன மரத்துண்டு.

நூலுக்கு மெழுகு லினன்தான் எனக்கு பிடிச்சிருக்கு. நைலான்ல முடிச்சு வழுக்குது. பாலியெஸ்டர் மெழுகு நூல் வலுதான், ஆனா அந்த பளபளப்பு கடல் கண்ணாடியோட மங்கலான தோலுக்குப் பக்கத்துல கண்ணை உறுத்துது. லினன்ல முடிச்சு போட்டு இறுக்கினா மெழுகும் மெழுகும் பிடிச்சுக்கிட்டு அங்கேயே நிக்குது, கையில வச்சு பாத்தவங்களுக்கு தெரியும் அந்த இறுக்கம்.

நான் கேக்க வந்தது இதுதான். எந்த வீடியோ பாத்தாலும் முதல் வேலையே ட்ரில் எடுத்து ஓட்டை போடுறது. ஒரு பாட்டில் துண்டு முனை மழுங்கி, மேல அந்த பனி படிஞ்ச தோல் வரதுக்கு இருபது, முப்பது வருஷத்துக்கு மேலயே அலையில உருளணும்னு சொல்றாங்க. அத்தனை காலம் முழுசா வந்து சேந்த ஒண்ணுல நடுவுல ஓட்டை போட எனக்கு மனசு ஒப்பல. அத அப்படியே நூலால கட்டி எடுக்கணும். ஆனா வழவழன்னு இருக்கிற துண்டு கட்டுலேர்ந்து நழுவி விழுந்துடுது. யாராவது நழுவாம கட்டுற வழி கண்டுபிடிச்சிருக்கீங்களா? அப்படியே நூல் எங்க வாங்குறீங்கன்னும், கரையில எதை எடுக்கக்கூடாதுன்னும் சொல்லுங்க.

நூல்கண்டு | மதுரை
அக்கா வணக்கம், நான் புத்தகம் பைண்டிங் பண்றவன், லினன் நூல் தினமும் கையில புழங்குறது, அதனால நூல் பத்தி மட்டும் சொல்றேன்.

லினன்ங்கிறது ஆளிவிதை வர்ற அதே செடியோட தண்டு நார். நார் நீளமா இருக்கும், இழுவைக்கு நல்லா தாங்கும், நனைஞ்சா வலு குறையாது, இன்னும் கூடத்தான் செய்யும். பருத்தி மாதிரி இழுபட்டு நீளாது. அதனாலதான் பைண்டிங்குக்கும் தோல் தைக்கவும் இன்னும் இதையே பிடிச்சுக்கிட்டு இருக்கோம். ஆனா ஒரு பலவீனம், உரசல் ஆகாது. கூரான விளிம்புல போய் வந்து உரசினா நார் நாரா பிரிஞ்சு ஒருநாள் பட்டுனு போயிடும். சிப்பில ஓட்டை போட்டு விளிம்பை தேய்க்காம கோக்குறவங்களுக்கு நூல் அறுறது இதனாலதான், நூலை குறை சொல்லி பிரயோஜனமில்ல.

வெளிநாட்டுல ஐரிஷ் மெழுகு லினன்னு 2 இழை, 3 இழை, 4 இழை, 7 இழை, 12 இழைன்னு கண்டு கண்டா விக்கும். கழுத்துமாலைக்கு 4 இழை பொதுவா சரியா வரும், கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் பருமன். சின்ன மணிக்கு 2 இழையோ 3 இழையோ. ஆனா இங்க வந்து சேர்றதுக்குள்ள விலை எங்கயோ போயிடுது. நான் சாதா லினன் தையல் நூல் வாங்கி நானே மெழுகு ஏத்திக்கிறேன். சென்னையில பெரியமேட்டுல தோல் வேலைக்கு சாமான் விக்கிற கடைங்கள்ல கேட்டுப் பாருங்க.

மெழுகு ஏத்துறது இப்படி. தேன்மெழுகு கட்டிய ஒரு கையில பிடிச்சு, நூலை அது மேல வச்சு கட்டைவிரலால அமுத்திக்கிட்டே இழுங்க. மூணு நாலு தடவை இழுத்தா நூல்ல வெள்ளையா மேலாப்புல ஒட்டியிருக்கும். அதோட விட்டுடாதீங்க, அது உள்ள போகாத மெழுகு, ரெண்டு நாள்ல உதிர்ந்துடும். நூலை ஒரு பழுப்பு பேப்பர் மடிப்புக்குள்ள வச்சு மேல இஸ்திரி பெட்டிய மிதமான சூட்டுல வச்சுக்கிட்டு மெதுவா இழுங்க. மெழுகு உருகி நாருக்குள்ள இறங்கிடும், மிச்சம் பேப்பர்ல ஒட்டிக்கும். வெளிய வர்ற நூல் லேசா கருத்து விறைப்பா இருக்கும், விரல்ல ஒட்டாது. மெழுகுவர்த்தி மெழுகுல மட்டும் பண்ணாதீங்க, அது பாரஃபின், வளைச்சா வெள்ளையா வெடிச்சு உதிரும்.

கிளிஞ்சல்மேடு | சென்னை
தம்பி இஸ்திரி விஷயம் ரொம்ப நன்றி, நான் மேலாப்புல தேய்க்கிறதோட நிறுத்திட்டு இருந்தேன், இன்னிக்கே பண்ணி பாக்குறேன். தேன்மெழுகு நல்லதா எங்க கிடைக்கும்?

நூல்கண்டு | மதுரை
கோத்தகிரி, ஏற்காடு பக்கம் மலைத்தேன் விக்கிறவங்க மெழுகும் வச்சிருப்பாங்க அக்கா. வாங்கும்போது மோந்து பாருங்க, தேன் வாசம் அடிக்கணும்.

வெள்ளிப்பட்டறை | சேலம்
ஓட்டை போடுறத ஏனுங்க இவ்வளவு பயப்படுறீங்க? நான் வெள்ளி வேலை பண்றவன், கல்லு சிப்பின்னு எல்லாத்துக்கும் ஓட்டை போட்டுட்டுதான் இருக்கேன். முறையா போட்டா ஒண்ணும் ஆகாதுங்க. ஆனா முறை தெரியாம போட்டு கண்ணாடியும் உடைஞ்சு கையும் கிழிஞ்சு போனவங்க நிறைய, அதனால சொல்லிடறேன்.

கண்ணாடிக்கு வைரத்தூள் பூசுன பிட்டு வேணும், ஒன்றரையிலேர்ந்து ரெண்டு எம்எம். ஒரு தட்டத்துல கண்ணாடி மூழ்குற அளவுக்கு மட்டும் தண்ணி, அடியில ஒரு ரப்பர் துண்டு இல்ல மரப்பலகை. மெஷின் தண்ணிய தொடக்கூடாது, பிட்டு முனை மட்டும்தான். பிளக்குல சொருகுற மெஷினா இருந்தா இந்த வேலையே வேண்டாம், பேட்டரி மெஷின் வச்சுக்குங்க. வேகத்தை குறைச்சு வச்சு, மொதல்ல சாய்வா ஒரு சின்ன பள்ளம், அப்புறம் நேரா நிமிர்த்தணும். அமுத்தக்கூடாது, பிட்டோட பாரம் போதும். அப்பப்ப தூக்கி விடுங்க, தண்ணி உள்ள போகணும். முக்காவாசி வந்ததும் திருப்பிப் போட்டு அந்தப் பக்கத்துலேர்ந்து போடுங்க. ஒரே பக்கமா போட்டா வெளிய வர்ற இடத்துல சில்லு பேந்துக்கும்.

சிப்பிக்கு வைர பிட்டு எல்லாம் தேவையில்லீங்க, கையால முறுக்குற சின்ன ட்ரில்லே போதும். ஆனா சிப்பியையும் ஈரமா வச்சுதான் போடணும், மாஸ்க் போடணும். அந்த வெள்ளைத்தூள் நுரையீரலுக்கு ஆகாது. எங்க தொழில்ல இத அலட்சியம் பண்ணி இருமி இருமி காலத்தை கழிச்சவங்களை பாத்திருக்கேன்.

போட்ட ஓட்டைய விட்டுடாதீங்க. ரெண்டு பக்க வாயையும் ஈர எமரி பேப்பர சுருட்டி விட்டு தேய்ச்சு மழுக்குங்க. மேல தம்பி சொன்ன உரசல் அங்கதான் நடக்கும்.

கிளிஞ்சல்மேடு | சென்னை
அண்ணா நீங்க சொல்ற முறையில நான் குத்தம் சொல்லவே இல்ல, பயமும் இல்ல. சிப்பிக்கும் கழச்சிக்காய்க்கும் நானும் ஓட்டை போடத்தான் செய்யறேன். கண்ணாடிக்கு மட்டும்தான் வேணாம்னு நினைக்கிறேன். அதுக்கு ஒரு காரணம் வெளிச்சம். நடுவுல ஓட்டை விழுந்தா வெயில்ல பிடிச்சு பாக்குறப்போ அந்த இடத்துல ஒரு கலங்கல் தெரியுது, உள்ள நூல் கருப்பா ஓடுறதும் தெரியுது. சுத்தி கட்டினா நடு முழுசா ஒளி விடும்.

முட்டத்துக்காரன் | கன்னியாகுமரி
கண்ணாடிய வலைக்குள்ள போடுங்க. இதுக்கு போயி இவ்வளவு யோசிக்கணுமா, கேட்டியளா, கடக்கரையில பொறந்தவனுக்கு இது சின்ன விசயம். எங்க அப்பா காலத்துல பருத்தி நூல்லயும் சணப்பு நூல்லயும்தான் வலை. மக்கிப்போகாம இருக்க மரப்பட்டைய வேகவச்ச சாயத்துல முக்கி காயப்போடுவாவ. நைலான் வந்தப்புறம் அந்த வேலை இல்ல, ஆனா முடிச்சு அதே முடிச்சுதான்.

வலை முடிச்சு இப்பிடி. மேல இருக்க கண்ணிக்குள்ள நூலை பின்னாலேர்ந்து முன்னால விடணும். அந்தக் கண்ணியோட ரெண்டு காலையும் பின்னால கூட்டி ஒரு சுத்து. திரும்ப முன்னால வந்து தன்னோட நூலுக்கே அடியில நுழைச்சு இழுக்கணும். இழுக்கும்போ கண்ணியோட நுனிய பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவ அமுக்கி பிடிச்சுக்கிடணும். பிடி தளந்துச்சுன்னா முடிச்சு கண்ணிக்கு கீழ எறங்கி வெறும் சுருக்கா நிக்கும், பாக்க முடிச்சு மாதிரி இருக்கும், இழுத்தா ஓடிரும். வலை பொத்த படிக்கிற பிள்ளைங்களுக்கு முதல்ல இதத்தான் சொல்லிக் குடுப்போம்.

கண்ணி அளவுதான் முக்கியம். உங்க கண்ணாடியில எந்த முனை ஒடுக்கமோ அந்த முனை வெளிய போகாத அளவுக்கு கண்ணி சின்னதா இருக்கணும். மேல ஒரு வளையம் கட்டி அதுலேர்ந்து ஆறோ எட்டோ கண்ணி எடுத்து எறங்குங்க, அகலமான இடத்துல கண்ணி அதே எண்ணிக்கை, அடி ஒடுங்குற இடத்துல ரெண்டு கண்ணிய சேத்து ஒரு முடிச்சா போட்டு குறைங்க. கடைசில எல்லாத்தையும் ஒரு நூல்ல கோத்து சுருக்குங்க. கண்ணாடிய உள்ள வச்சுக்கிட்டே போடணும், வெளிய போட்டு பொறவு உள்ள திணிச்சா தொளதொளன்னு இருக்கும்.

கிளிஞ்சல்மேடு | சென்னை
அண்ணே!! இதத்தான் தேடிட்டு இருந்தேன். நான் சும்மா குறுக்கும் நெடுக்கும் சுத்தி நடுவுல முடிச்சு போட்டுட்டு இருந்தேன், அதான் நழுவுது. 2 இழை நூல்ல உங்க முடிச்சு போட்டா கண்ணாடி மேல நூல் ரொம்ப மறைக்காதுன்னு நினைக்கிறேன். உங்க வலை ஊசி பெருசா இருக்குமே, நகைக்கு என்ன பண்றது?

முட்டத்துக்காரன் | கன்னியாகுமரி
ஊசி வேண்டாம். நூல் முனைய சாய்வா வெட்டி, மெழுகுல நல்லா உருட்டி விறைப்பாக்குங்க, அதுவே ஊசி. கண்ணி அளவு ஒண்ணா வரதுக்கு ஒரு ஐஸ்கிரீம் குச்சிய பிளந்து தேய்ச்சு மட்டமா வச்சுக்கிடுங்க.

வெள்ளிப்பட்டறை | சேலம்
இது நல்லா இருக்குதுங்க. வலையில நிக்காத உருண்டைத் துண்டுன்னா நடுவுலயும் இல்லாம, ஓரத்துல மட்டும் வைர அரத்தால சுத்தி ஒரு மெல்லிசு கோடு இழுத்துக்குங்க, நூல் அதுல உக்காந்துக்கும். உங்களுக்கு வேண்டிய நடு வெளிச்சமும் கெடாது. முடிச்செல்லாம் முடிஞ்சதும் ஹேர் ட்ரையர்ல லேசா ஒரு சூடு காட்டினா மெழுகு இளகி முடிச்சுக்குள்ள இறங்கி இறுகிக்கும்.

நூல்கண்டு | மதுரை
லினன் முனைய நைலான் மாதிரி நெருப்புல சுட்டு உருக்க முடியாது, கருகித்தான் போகும். அத மறந்துடாதீங்க. முனைய பின்னாடி ரெண்டு முடிச்சுக்குள்ள நுழைச்சு இழுத்து ஒட்ட வெட்டிடணும், வேணும்னா ஒரு சொட்டு பசை.

ஆழிமாணவி | தூத்துக்குடி
எதை எடுக்கக்கூடாதுன்னு கேட்டிருந்தீங்க, அதுக்கு யாரும் பதில் சொல்லல. கடல் உயிரியல் படிக்கிறேன், இந்த விஷயத்துல எனக்கு ரொம்ப அக்கறை உண்டு, அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

முதல்ல பவளம். நம்ம பக்கம் பவளப்பாறை, கறுப்புப் பவளம், கடல் விசிறி எல்லாமே வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல மேல் பட்டியல்ல இருக்கு, 2001லேர்ந்து. செத்து வெள்ளையா கரை ஒதுங்கினதும் அதே கணக்குதான். ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் புயல் அடிச்சு ஓஞ்சதும் கரை முழுக்க பவளத் துண்டா கிடக்கும், பாக்க ஆசையாத்தான் இருக்கும், தொடாதீங்க. கடல் குதிரை, கடல் அட்டை, ஆமை ஓடு, எதுவும் கூடாது.

சங்கு சிப்பில 24 வகை சேத்தாங்க. பெரிய தொப்பிச் சங்கு, ட்ரைட்டான் சங்கு, ராட்சத மட்டி, நாட்டிலஸ் எல்லாம் அதுல வரும். ஐவிரல் சங்கு சாதியில சிலது பட்டியல்ல இருக்கு, சிலது இல்ல, விரலை மட்டும் எண்ணிப் பாத்து முடிவு பண்ண முடியாது, சந்தேகம்னா விட்டுடுங்க. 2022 திருத்தத்துல அட்டவணைகளையே மாத்தி அடுக்கிட்டாங்க, அதனால பழைய பட்டியல் படத்தை வாட்ஸ்அப்ல பாத்துட்டு தைரியமா விக்காதீங்க. மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா தீவுகள்லேர்ந்து, அதாவது 1986ல அறிவிச்ச அந்த 21 தீவு, ஒரு கூழாங்கல் கூட எடுக்கக்கூடாது.

சட்டத்துல இல்லாததுக்கும் ஒண்ணு சொல்லணும். சிப்பிய திருப்பி உள்ள பாருங்க. சின்னச் சங்குல துறவி நண்டு குடியிருக்கும், கொஞ்ச நேரம் உள்ளங்கையில வச்சா கால் நீட்டும். இருந்தா அங்கயே வச்சுட்டு வந்துடுங்க, அதுக்கு வேற வீடு கிடையாது. கூம்பு மாதிரி பூப்போட்ட அழகான சங்கு உயிரோட இருந்தா கையிலயே எடுக்காதீங்க, பைக்குள்ள போடாதீங்க, அதுல விஷ ஊசி இருக்கு, சில இனம் ஆளையே கொல்லும்.

அக்காவுக்கு ஒரு நல்ல சேதி. ஓட்டை போடாமலே ஓட்டை உள்ள மட்டி ஓடு நிறைய கிடைக்கும். கொஞ்சம் உன்னிப்பா பாருங்க, ஓட்டோட மேல்பக்கம் கூர்முனைக்கு பக்கத்துல உளி வச்சு குடைஞ்சாப்புல வட்டமா ஒரு ஓட்டை, வெளிப்பக்கம் அகலம், உள்ள போகப் போக ஒடுங்கும். அது நிலாச் சங்குன்னு ஒரு நத்தையோட வேலை. மட்டி மேல உக்காந்து, ஓட்டுச் சுவரை அமிலத்தால இளக்கி, நாக்கால அராவி, உள்ள இருக்கிற சதைய தின்னுட்டு போயிருக்கும். வாய் சரிஞ்சு இருக்கிறதால விளிம்பு அவ்வளவு கூரா இருக்காது.

கிளிஞ்சல்மேடு | சென்னை
என்கிட்ட அந்த மாதிரி ஓட்டை உள்ள மட்டி ஒரு டப்பா நிறைய இருக்கும்மா, அலையில கல்லு குத்தினதுன்னு நினைச்சிட்டு இருந்தேன், ஒவ்வொண்ணா எடுத்து பாத்தேன், அப்படியேதான் இருக்கு, வெளிய அகலம் உள்ள ஒடுக்கம். இனிமே வாங்குறவங்களுக்கும் இதை சொல்லித்தான் குடுப்பேன்.

மன்னார்க்காரி | மன்னார், இலங்கை
நான் மன்னாரில இருந்து எழுதுறன். எங்கட பக்கம் சிலாவத்துறை, அரிப்புக் கரையில இன்னும் முத்துச்சிப்பி ஓடு நொறுங்கி மண்ணோட மண்ணாக் கிடக்குது. ஒரு காலத்தில முத்துக்குளிப்பு நடந்த இடம்தானே. 1800களின்ர தொடக்கத்தில ஆளுநர் ஃபிரெடரிக் நோர்த் முத்துக்குளிப்பைப் பாக்கவெண்டு கட்டின டோரிக் மாளிகை அரிப்பில இருக்குது, இப்ப இடிஞ்சு கடலுக்குள்ள விழுந்துகொண்டிருக்குது.

அந்த ஓட்டுத் துண்டுகள் மெல்லிசு, உள்பக்கம் பிரதிபலிக்கிற நிறம் சொல்லி விளங்காது, பச்சையும் றோசாவும் கலந்து ஓடும். ட்ரில் வச்சால் தாள் தாளாக் கழண்டு போகும். நானும் நூலாலதான் கட்டுறனான். ஆனா வலை போட்டால் அந்த நிறம் மறைஞ்சு போகுது, அதால விளிம்பில மட்டும் சுத்தி ஒரு சட்டம் போலக் கட்டி, பின்பக்கத்தில நாலு நூலைக் குறுக்கால இழுத்துப் பிடிக்கிறன். முன்னுக்கு ஒண்டும் வராது. அரை முடிச்சாப் போட்டுப்போட்டு வந்தால் நூல் தானாவே முறுகி விளிம்பில கவ்விக்கொள்ளும்.

துப்பரவாக்க ஒருத்தரும் வினாகிரி பாவிக்காதேங்கோ. சிப்பி சுண்ணாம்பு, புளிப்புப் பட்டால் கரைஞ்சு பளபளப்புப் போயிடும். நல்ல தண்ணியில ஊறவிட்டு பழைய பல்லுத்தூரிகையால தேய்ச்சால் காணும். மினுக்கத்துக்கு தேங்காயெண்ணெயும் வேண்டாம், நாள் போக மணக்கும். பிள்ளைகளுக்குப் பூசுற பேபி ஒயில் ஒரு சொட்டு காணும்.

புதுசாவந்தவள் | நாகர்கோவில்
எல்லாத்தையும் படிச்சேன் ரொம்ப உபயோகமா இருக்கு. நான் இப்பதான் ஆரம்பிக்கப் போறேன். ரெண்டு டவுட். கரையில வெள்ளை வெள்ளையா குட்டி பிளாஸ்டிக் உருண்டை நிறைய ஒதுங்குதே, அத மணியா கோக்கலாமா? அப்புறம் மணவாளக்குறிச்சி பக்கம் கருப்பும் செவப்புமா மணல் இருக்கும்ல, அத குட்டி பாட்டில்ல அடைச்சு லாக்கெட்டா போடலாமான்னு யோசிச்சேன்.

முட்டத்துக்காரன் | கன்னியாகுமரி
மணல் வேண்டாம் மோளே. அந்தக் கருப்பு செவப்பு மணல்ல இல்மனைட், கார்னெட், கூடவே மோனசைட்டும் கலந்து கெடக்கு. மோனசைட்டுல தோரியம் இருக்கு, கதிர்வீச்சு உள்ள சாமான். மத்திய அரசு கம்பெனி அங்கன மணல் ஆலையே வச்சிருக்கு. நெஞ்சுல தொங்கப் போடுறதுக்கு ஒரு குறையும் இல்லாத கண்ணாடியும் சிப்பியும் கெடக்கும்போ அது எதுக்கு.

மன்னார்க்காரி | மன்னார், இலங்கை
தங்கச்சி அந்த வெள்ளைக் குருணையை வெறுங்கையால அளையாதேங்கோ. அது பிளாஸ்டிக் சாமான் செய்யிற மூலப்பொருள். எங்கட நாட்டில 2021இல எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் கொழும்புக்கு வெளியால எரிஞ்சு தாண்டபோது நீர்கொழும்புப் பக்கம் கரை முழுக்க முழங்கால் வரைக்கும் குவிஞ்சு கிடந்தது, எங்கட ஆக்கள் கடலுக்குப் போகேலாமல் இருந்தவை. கடல்ல மிதக்கேக்க கண்ட நஞ்சையும் உறிஞ்சிக்கொள்ளும் அது.

ஆழிமாணவி | தூத்துக்குடி
அவங்க சொல்றது சரி. 2025 மே மாசம் கேரளாவுக்கு வெளிய எம்எஸ்சி எல்சா 3 கப்பல் மூழ்கினப்போ குமரி மாவட்டக் கரை வரைக்கும் குருணை வந்துச்சு, நீங்க பாத்தது அதுவாக்கூட இருக்கலாம். மீன் முட்டைன்னு நினைச்சு மீனும் பறவையும் தின்னுது. எடுக்கணும்னா கையுறை போட்டு, சல்லடையில சலிச்சு, தனியா மூட்டை கட்டி துப்புரவு பண்றவங்ககிட்ட சேத்துடுங்க. நகைக்கு வேணாம்.

தரங்கைக்காத்து | தரங்கம்பாடி
ரொம்ப நாளா சும்மா படிச்சிட்டு இருக்கேன், இப்ப ஒரு சந்தேகம் வந்ததால எழுதறேன். எங்க ஊர் கோட்டைக்குப் பக்கத்துல கரை அரிச்சு மண்ணு சரிஞ்சா பழைய பீங்கான் துண்டு, வெள்ளையில நீலக் கோலம் போட்டது, மண்பாண்ட ஓடு எல்லாம் வெளிய வரும். போன மழைக்கு ஒரு சின்ன கண்ணாடி மணியும் கிடைச்சுது, செங்கல் நிறம், ஒரு மிளகு அளவுதான், ஏற்கனவே ஓட்டையும் இருக்கு. 2 இழை நூல் நுழையுது. இத மெழுகு லினன்ல கோத்து நடுவுல வச்சா எவ்வளவு அழகா இருக்கும்னு ஆசையா இருக்கு, பீங்கானையும் சுத்தி கட்டலாம்னு. ஆனா கோக்கலாமா?

ஆழிமாணவி | தூத்துக்குடி
கோக்காதீங்க ப்ளீஸ். 100 வருஷத்துக்கு மேல பழசா இருந்தா அது தொல்பொருள், 1972 சட்டப்படி லைசென்ஸ் இல்லாம விக்கவே கூடாது, வெளிநாட்டுக்கு அனுப்புறது அதவிட பெரிய குத்தம். மண்ணுக்குள்ளேர்ந்து கிடைச்ச மதிப்புள்ள பொருளுக்கு 1878லேர்ந்தே தனியா புதையல் சட்டம் இருக்கு, 10 ரூபாய்க்கு மேல மதிப்பு இருந்தாலே கலெக்டர்கிட்ட தெரிவிக்கணும்.

கிளிஞ்சல்மேடு | சென்னை
சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த மணிய நெனச்சுப் பாருங்க. டேனிஷ்காரங்க 1620ல கோட்டை கட்ட வந்ததுக்கு முன்னாடியே நம்ம கரையில மணி செஞ்சிருக்காங்க. புதுச்சேரி பக்கம் அரிக்கமேட்டுல அந்தக் காலத்துலயே கண்ணாடிய இழுத்து, குழாயாக்கி, துண்டு துண்டா நறுக்கி மணி பண்ணினாங்க, அந்த மாதிரி மணிங்க தென்கிழக்கு ஆசியா பூரா கிடைச்சிருக்கு. வெம்பக்கோட்டை, கீழடி தோண்டினப்போ சங்கு வளையல் துண்டும் வந்துச்சு. கரையில கிடைச்சத நகையாக்குறதுல நமக்கு முன்னாடி எத்தனையோ கைங்க இருந்திருக்கு. உங்க மணி எந்தக் காலம்னு பாத்து சொல்லத் தெரிஞ்சவங்க கையில சேந்தா அதுலேர்ந்து ஒரு சேதி கிடைக்கும். நாம கழுத்துல கட்டினா எந்த இடத்துல எந்த மண்ணுல கிடைச்சதுங்கிறது அதோட போச்சு. கோட்டைக்குள்ளயே தொல்லியல் துறை அருங்காட்சியகம் இருக்குல்ல, எடுத்த இடத்தை போட்டோ எடுத்து எழுதி அங்க குடுங்க. நீலப் பூ பீங்கானும் அப்படித்தான், நேத்து உடைஞ்ச டீ கப்பா பழசான்னு நமக்கு தெரியாது.

தரங்கைக்காத்து | தரங்கம்பாடி
சரி. மனசு வரலதான், ஆனா நீங்க சொல்றது நியாயம். திங்கக்கிழமை போய் குடுக்கிறேன். பீங்கானையும் எடுத்துட்டு போறேன்.

புதுசாவந்தவள் | நாகர்கோவில்
கொக்கி என்ன போடுறீங்க எல்லாரும்? இரும்பு கொக்கி எங்க ஊர் உப்புக்காத்துல துரு பிடிச்சிடுது, வெள்ளி வாங்க கட்டுப்படியாகாது.

கிளிஞ்சல்மேடு | சென்னை
கொக்கியே வேணாம்மா. ஒரு முனையில நூலை மடிச்சு காது விடு, மறுமுனையில கழச்சிக்காய் ஒண்ணை பொத்தானா கட்டு. சாம்பல் நிறத்துல கோலிக்குண்டு சைஸுக்கு முள்ளுக்காய்க்குள்ளேர்ந்து வருமே அதான், கடல்ல மிதந்து கரைக்கு வந்து சேரும், ஓடு கல்லு கணக்கா இருக்கும். உள்ள இருக்கிற பருப்பு கசப்பு மருந்து, சித்த வைத்தியத்துல சேப்பாங்க, குழந்தைங்க வாயில வைக்காம பாத்துக்கோ. ஓட்டை போடுறப்போ வழுக்கும், துணியில சுத்தி பிடிச்சுக்கோ. காது அளவு காய் சிரமப்பட்டு நுழையிற மாதிரி இருக்கணும், லினன் புழங்கப் புழங்க கொஞ்சம் தளரும். இல்லன்னா ரெண்டு முனையும் ஒண்ணை ஒண்ணு கட்டிப்பிடிச்ச மாதிரி நகர்ற முடிச்சு போட்டுடு, ஏத்தி இறக்கிக்கலாம். மெழுகு நூல்ல அது அருமையா நிக்கும்.

இன்னொண்ணு, போட்டு கழட்டினதும் வேர்வையோட பிளாஸ்டிக் கவர்ல அடைச்சு வச்சுடாத, பூசணம் பிடிக்கும். காத்தோட்டமா தொங்க விடு. வெயில்ல நிறுத்தின காருக்குள்ளயும் வேணாம், மெழுகு இளகி துணியில கறை படும்.

வெள்ளிப்பட்டறை | சேலம்
விலை பத்தி யாரும் பேசலீங்களே. கரையில சும்மா கிடைச்சதுதானேன்னு அடிமாட்டு விலைக்கு குடுத்துடாதீங்க. நூலுக்கும் மெழுகுக்கும் ஆன காசு, உக்காந்து கட்டின மணி நேரத்துக்கு ஒரு கூலி, ரெண்டையும் கூட்டி அதுக்கு மேல வைங்க. பேரம் பேசுறவங்களுக்கு அந்த வலை முடிச்ச ஒருக்கா போட்டு காட்டுங்க.

மன்னார்க்காரி | மன்னார், இலங்கை
நூல் எவ்வளவு நீளம் வெட்டுறனீங்கள்? எனக்கு எப்பவும் கடைசியில காணாமல் போகுது.

நூல்கண்டு | மதுரை
மணிக்கு மணி ஒரு முடிச்சுன்னா முடிஞ்ச நீளத்துக்கு ரெண்டரை மடங்கு. சதுர முடிச்சா நெருக்கமா பின்னினா வேலை செய்யிற நூல் ரெண்டும் தனித்தனியா அஞ்சு மடங்கு வேணும், நடுவுல சும்மா ஓடுற நூலுக்கு முடிஞ்ச நீளத்தோட ஒரு சாண் கூட வச்சா போதும். முதல் தடவை ஒரு டிசைன் போடுறப்போ வெட்டின நீளத்தையும் மிஞ்சினதையும் நோட்ல எழுதி வச்சுக்கங்க அக்கா, அடுத்த தடவை நூல் வீணாகாது.

கிளிஞ்சல்மேடு | சென்னை
வலைக்கு?

முட்டத்துக்காரன் | கன்னியாகுமரி
நீளமா வெட்டாதிங்க, சிக்கு விழும். ஒரு மார் நீளம் எடுங்க, தீந்தா அதே வலை முடிச்சுல அடுத்த நூலை ஏத்திக்கிடுங்க. ரெண்டு நூலை சேக்கவும் அதே முடிச்சுதான்.

கிளிஞ்சல்மேடு | சென்னை
சரி அண்ணே. நான் லினன் நூல் பெரிய கண்டா வாங்கலாம்னு இருக்கேன், பழுப்பும் கருநீலமும். தமிழ்நாட்டுக்குள்ள யாருக்கு பங்கு வேணுமோ இந்த வாரத்துக்குள்ள இங்கயே சொல்லுங்க, வாங்கின விலைக்கே பிரிச்சு கொரியர்ல அனுப்புறேன். மன்னாருக்கு எப்படி அனுப்புறதுன்னு தபால் ஆபீஸ்ல கேட்டுட்டு சொல்றேன்.

புதுசாவந்தவள் | நாகர்கோவில்
எனக்கு பழுப்பு ஒரு பங்கு அக்கா. மெழுகு நானே ஏத்திக்கிறேன்.